லேப்டாப்பில் வைஃபை அடாப்டரையே காணோம், போர்டு போய்விட்டதா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4 வருட லேப்டாப், விண்டோஸ் 11. ராத்திரி வைஃபையில் படம் பார்த்துவிட்டு மூடி வைத்தீர்கள். காலையில் திறந்தால் கீழ் மூலையில் வைஃபை குறி இருந்த இடத்தில் உருண்டையாக ஒரு பூமிப் படம். செட்டிங்ஸில் வைஃபை என்ற வரியே இல்லை. ஈதர்நெட்டும் ஏரோப்ளேன் மோடும் மட்டும் இருக்கின்றன. லேப்டாப்பிலுள்ள பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரிலும் அடாப்டர் கண்ணில் படவில்லை. ரவுட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டாயிற்று. கடைக்காரர் பார்த்துவிட்டு "போர்டு போயிடுச்சு, 8,500 ஆகும்" என்கிறார். நண்பர் "விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசா போடு" என்கிறார். அடுத்த வாரம் பெண்ணுக்கு ஆன்லைன் தேர்வு. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? செட்டிங்ஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட் பட்டன் உதவுமா?

இரண்டு பேருமே அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வைஃபைக் கார்டு (அடாப்டர் என்று விண்டோஸ் சொல்வது இதைத்தான்) செத்துவிட்டதா, அல்லது உயிரோடு இருக்கிற கார்டு விண்டோஸ் கண்ணில் படவில்லையா? இது தெரியாமல் போர்டையும் மாற்றக்கூடாது, விண்டோஸையும் அழிக்கக்கூடாது. இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும், பைசா செலவில்லை.

ரவுட்டரை முதலில் விட்டுவிடுங்கள். ரவுட்டர் எரிந்தே போயிருந்தாலும் லேப்டாப்பில் வைஃபை பட்டன் இருக்கும், பக்கத்து வீட்டு வைஃபையின் பெயராவது பட்டியலில் தெரியும். பட்டனே இல்லையென்றால் சிக்கல் லேப்டாப்புக்குள்தான். இதில் சந்தேகமே வேண்டாம். இணைய இணைப்பு கொடுத்தவருக்குப் போன் போட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்.

நான் 15 வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். இந்தப் புகாரோடு ஒன்று வந்தால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுவேன். ஷட் டவுன் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். மவுஸ், பென் டிரைவ், எச்டிஎம்ஐ ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி கழற்ற வருகிற மாடல் என்றால் அதையும் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனை அழுத்தி 30 வினாடி, பொறுமை இருந்தால் 60 வினாடி, பிடித்துக்கொண்டே இருங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடலில் நடுவில் ஒருமுறை விளக்கு எரிந்து ஃபேன் சுற்றி, மறுபடி அணைந்துவிடும். பயந்து விரலை எடுத்துவிடாதீர்கள். முடிந்ததும் சார்ஜரைச் செருகி ஆன் செய்து பாருங்கள். சில மாடல்களில் அடிப்பக்கம் பேட்டரி படம் போட்ட ஊசித் துளை இருக்கும், ஜெம் கிளிப்பை நிமிர்த்தி உள்ளே அழுத்தினால் அதே வேலையைச் செய்யும். வேறு சிலவற்றில் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்கிற வசதி பயாஸிலேயே (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை அமைப்பு) உண்டு.

இதை மந்திரம் மாதிரி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. வைஃபைக் கார்டுக்குள் தனியாக ஒரு குட்டிப் பிராசசர் ஓடுகிறது. லேப்டாப் மூடியிருக்கும்போதும் அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். தூங்கி விழிக்கிற இடத்தில் அந்தப் பிராசசர் அப்படியே உறைந்துபோவது உண்டு. காலையில் விண்டோஸ் "யார் யார் இருக்கிறீர்கள்" என்று வருகைப் பதிவு எடுக்கும்போது கார்டு பதில் சொல்லாது, பட்டியலில் பெயரும் ஏறாது. மின்சாரம் முழுதாக நின்று திரும்ப வந்தால்தான் அது முதலிலிருந்து தொடங்கும்.

"ஷட் டவுன் செய்துதானே வைக்கிறேன்" என்பீர்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் எடுத்து விரித்துவிடும். டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) நேற்று எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் விண்டோஸ் உண்மையில் புதிதாகத் தொடங்கும். பெயரைக் கேட்டால் நேர்மாறாகத் தோன்றும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நம்புவதில்லை. நானே ஒருமுறை இதை மறந்து, ஒரு வாடிக்கையாளரின் லேப்டாப்பில் விண்டோஸை அழித்துப் போட்டு மூன்று மணி நேரம் வீணாக்கினேன். அதற்குப் பிறகும் வைஃபை வரவில்லை. வெறுத்துப்போய்ப் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து மாட்டினால், வைஃபை நின்றுகொண்டிருக்கிறது. அந்த ஆளிடம் கூலி கேட்க வாய் வரவில்லை.

சரி, வடித்தும் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரை இன்னொரு தடவை, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் அந்தப் பெயர் வரும். திறந்ததும் மேலே வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' என்பதைத் தட்டிவிட்டு, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். வான் மினிபோர்ட் என்று ஏழெட்டு வரி கிடக்கும், வைஃபை டைரக்ட் வர்ச்சுவல் அடாப்டர் என்றும் ஒன்றிரண்டு இருக்கும். இவை எல்லாம் விண்டோஸ் தானாக உருவாக்கி வைத்திருக்கும் கற்பனை அடாப்டர்கள். கை வைக்காதீர்கள். நீங்கள் தேடுவது இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் ஆகிய பெயர்களில் ஒன்றோடு வயர்லெஸ், வைஃபை 6, 802.11 மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கும் வரியை.

அந்த வரி எப்படி இருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. ஐகான் மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள் (உள்ளே பார்த்தால் கோட் 22 என்று இருக்கும்), ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் வேலை முடிந்தது. மஞ்சள் முக்கோணம் இருந்து, இரட்டைக் கிளிக்கில் கோட் 10 அல்லது கோட் 43 என்று வந்தால், கார்டு இருக்கிறது, விண்டோஸுக்கும் தெரிகிறது, ஆனால் எழுந்திருக்க மறுக்கிறது. டிரைவராகவும் இருக்கலாம், கார்டாகவும் இருக்கலாம், எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நெட்வொர்க் பகுதியில் ஒன்றுமில்லாமல், கொஞ்சம் கீழே அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று மஞ்சள் குறியோடு ஒன்று நின்றால் அது நல்ல செய்தி. கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை, கோட் 28. வரி மங்கலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் கோட் 45. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று பொருள். மங்கலாகக்கூட ஒன்றும் இல்லையென்றாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

வரி நன்றாக இருந்து, மஞ்சள் குறியும் இல்லாமல், செட்டிங்ஸில் மட்டும் வைஃபை இல்லாமல் போவதும் உண்டு. சர்வீசஸ் என்று தேடித் திறந்து, டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் என்பது ஓடுகிறதா என்று பாருங்கள். 'கம்ப்யூட்டரை வேகமாக்கும்' மென்பொருள்கள் சில இதை நிறுத்திவிடுகின்றன. ஸ்டார்ட் கொடுத்து, ஆட்டோமேட்டிக் என்று வைத்தால் போதும்.

அடுத்து நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி: புளூடூத் இருக்கிறதா? இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் வைஃபையும் புளூடூத்தும் ஒரே கார்டில்தான். ஆனால் உள்ளே இரண்டும் தனித்தனிப் பாதையில் போகின்றன. வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக, புளூடூத் பெரும்பாலும் யுஎஸ்பி வழியாக. புளூடூத் ஹெட்செட் இன்னும் இணைகிறது என்றால் கார்டுக்கு மின்சாரம் போகிறது, அது சாக்கெட்டில்தான் இருக்கிறது. டிரைவர், உறைந்துபோன பிராசசர், அழுக்குப் பிடித்த ஒன்றிரண்டு பின் ஆகியவற்றைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டும் சேர்ந்து போயிருந்தால் கார்டு தளர்ந்திருக்கலாம், செத்திருக்கலாம், பயாஸில் மொத்தமாக அணைந்திருக்கலாம். இது உறுதியான சோதனை அல்ல, ஆனால் இதுவரை என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.

டிரைவர் என்று தெரிந்தால், நெட் இல்லாத எந்திரத்தில் டிரைவரை எப்படி இறக்குவது என்று விழிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும், மொபைல் டேட்டா தேவையில்லை. ஐபோன் அப்படிச் செய்யாது, தன் மொபைல் டேட்டாவை மட்டும்தான் பகிரும். தேர்வு நெருங்குகிறதே என்ற பதற்றத்துக்கும் இதுதான் உடனடி வழி. இன்னொரு லாபமும் உண்டு. போன் வழியாக நெட் வருகிறது என்றால் விண்டோஸின் நெட்வொர்க் பகுதி ஒழுங்காக இருக்கிறது, சிக்கல் அந்த ஒரு கார்டைச் சுற்றித்தான் என்று தெரிந்துவிடும். விண்டோஸை அழிக்கச் சொன்ன நண்பருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். டிரைவரைத் தானே தேடித் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள், வைஃபையோடு வேறு நான்கு தொல்லைகளையும் கூட்டிவரும். எந்தக் கம்பெனிக் கார்டு என்று தெரியாவிட்டால், மஞ்சள் குறி போட்ட வரியின் டீடெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைப் பாருங்கள். வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல் (1978இல் வந்த அவர்களுடைய பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்), 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். அண்மையில் ஏதாவது அப்டேட் ஏறிய பிறகு போயிற்று என்றால், புது டிரைவர் தேடுவதற்கு முன் அந்த வரியின் டிரைவர் பகுதியில் ரோல் பேக் (பழைய டிரைவருக்கே திரும்புவது) கொடுத்துப் பாருங்கள்.

சாம்பல் நிறமாகவோ, சுத்தமாக இல்லாமலோ இருந்தால் விண்டோஸுக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். பயாஸில் வயர்லெஸ் அணைந்திருக்கிறதா என்பது முதல் சோதனை. ஆன் செய்யும்போது எஃப்2, எஃப்10, எஃப்1 என்று மாடலுக்கு ஒரு பட்டன். ஆனால் அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று போனில் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இறங்குங்கள். வைஃபையைத் தேடப் போய் மொத்த டிஸ்க்கையும் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சோதனை எனக்குப் பிடித்தது. ஒரு பென் டிரைவில் உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்து அப்படியே ஓடவிடுங்கள். அங்கே வைஃபை வந்தால் கார்டு நூற்றுக்கு நூறு நன்றாக இருக்கிறது, பழி விண்டோஸ் மேல். வரவில்லை என்றால் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். வருகிற பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரி இருந்தால் கார்டு இன்னும் பேசுகிறது. அந்த வரி அங்கேயும் இல்லை, பயாஸிலும் அணைக்கவில்லை என்றால், எந்த டிரைவராலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தபடி மென்பொருளால் செய்யக்கூடியது அத்தோடு முடிந்தது.

அப்போதும் போர்டு என்று சொல்லிவிட முடியாது. வாரன்டி இருந்தால் இதற்கு மேல் நீங்கள் போகாதீர்கள். இல்லையென்றால், கை நிதானம் உள்ளவர் அடிமூடியைத் திறக்கலாம். பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபைக் கார்டு தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். அதன் மேல் நூல் கனத்தில் இரண்டு ஆன்டெனா ஒயர், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை அல்லது சாம்பல். முதலில் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். ஒயர் எது எங்கே என்று போனில் ஒரு படம். நகத்தால் நேர் மேலாகத் தூக்கினால் ஒயர் வந்துவிடும், பக்கவாட்டில் இழுத்தால் அந்த மணி அளவுப் பொத்தான் பிய்ந்துவிடும். ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானாகச் சாய்ந்து எழும்பும். உருவி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாக இரண்டு தேய், துகளை ஊதிவிட்டு, மறுபடி சாய்வாகச் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ. ஒயரை மாட்டும்போது விரல் நுனியில் சின்னதாக ஒரு 'டிக்' உணரவேண்டும். ஒயர் சரியாக மாட்டவில்லை என்றால் சிக்னல்தான் குறையும், அதனால் அடாப்டர் காணாமல் போகாது. அதைச் சாக்காகச் சொல்லி யாராவது ஆன்டெனா மாற்றக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடலோர ஊர்களில் இந்தப் பற்களில் பச்சை படிந்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன், தேய்த்ததும் எழுந்துவிடுகின்றன.

தேய்த்தும் வரவில்லை என்றால் கார்டை மாற்றிப் பார்ப்பதுதான் ஒரே நேர்மையான சோதனை. கடைக்காரரிடம் நீங்கள் கேட்கவேண்டியதும் இதுதான்: "வேறு கார்டு போட்டுப் பார்த்தீங்களா?" போட்டுப் பார்த்தும் வரவில்லை என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். போடாமலே போர்டு என்றால் அது ஊகம். ஒரு விஷயத்தில் அவர் பக்கமும் பேசவேண்டும். சில மெல்லிய மாடல்களில் கார்டே கிடையாது, சிப்பைப் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். இன்டெல் ஏஎக்ஸ்201 மாதிரியானவற்றில் வைஃபையின் பாதி மூளை போர்டிலுள்ள சிப்செட்டுக்குள் இருக்கிறது, வெளியில் இருக்கும் கார்டு வெறும் ரேடியோ. அங்கே பழுது எந்தப் பாதியில் என்று மாற்றிப் பார்க்காமல் என்னாலும் சொல்ல முடியாது. மாற்றுக் கார்டு வாங்கும்போதும் இது முக்கியம். ஏஎக்ஸ்201ஐ ஏஎம்டி பிராசசர் உள்ள லேப்டாப்பில் போட்டால் வேலை செய்யாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுக் கார்டுகள், அவை ஏஎம்டியிலும் ஓடும். சில பழைய மாடல்கள் தங்கள் கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. பழைய கார்டின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

நெட்வொர்க் ரீசெட் என்ற பட்டனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது இருக்கிற அடாப்டர்களை எடுத்துவிட்டு மறுபடி போடும், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் துடைத்துவிடும். விபிஎன் மென்பொருள் ஏதாவது குழப்பியிருந்தால் உதவும். விண்டோஸுக்கே தெரியாத கார்டை அது எங்கிருந்து கொண்டுவரும்? புதிதாக விண்டோஸ் போடுவதும் அப்படித்தான். அதில் கூடுதலாக ஒரு சங்கடம்: விண்டோஸ் 11 நிறுவும்போதே நெட் கேட்கும், வைஃபை டிரைவர் இல்லாமல் அந்தத் திரையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். போனையும் ஒயரையும் பக்கத்தில் வைக்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

மேஜைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று: முந்தின நாள் இடி மின்னல் இருந்து, காலையில் லேன் அடாப்டர் (ஒயர் வழி நெட்டுக்கானது) காணவில்லை என்றால், பெரும்பாலும் ஒயர் வழியாக வந்த மின்வீச்சு சிப்பை அடித்திருக்கும். வடித்துப் பாருங்கள், வராவிட்டால் தனி லேன் கார்டு ஒன்று போட்டுக்கொள்ளலாம், மதர்போர்டை மாற்றத் தேவையில்லை.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். கார்டு செத்ததாகவே இருந்தாலும், ஏன், போர்டில்தான் பழுது என்று உறுதியானாலும்கூட, 8,500 கொடுக்க நான் சொல்லமாட்டேன். யுஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள், கட்டைவிரல் நகம் அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிக மலிவானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும், தேர்வு எழுத அதுவே தாராளம். முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கிறதை வாங்குங்கள். சில டாங்கிள்கள் செருகியதும் முதலில் சிடி டிரைவ் மாதிரி தோன்றும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கவேண்டாம், அதற்குள் இருக்கும் டிரைவரை நிறுவினால் வைஃபையாக மாறிவிடும்.

இன்று ராத்திரி மின்சாரத்தை வடித்துப் பார்த்துவிட்டு, ஹிடன் டிவைசஸ் போட்ட பிறகு என்ன தெரிகிறது, புளூடூத் இருக்கிறதா, இரண்டையும் லேப்டாப் மாடல் எண்ணோடு எழுதுங்கள். லேப்டாப் இன்னும் கடையிலேயே இருந்தால், திரும்ப வாங்கும்போது அடிமூடி ஸ்க்ரூ எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.